எடி கமாய்: எளிது என்று ஒதுக்கிய இசையைத் தேடிப் போனவர்

கேள்வி இதுதான்: "உக்குலேலே என்றால் எனக்கு வானவில் பாட்டைப் பாடிய இஸ்ரேல் கமகவிவோஓலே மட்டும்தான் தெரியும். அவருக்கு முன்னால் ஹவாய்க்காரர்கள் யாரைக் கொண்டாடினார்கள்? ஒருவரைப் பற்றியாவது விரிவாகச் சொல்லுங்கள். எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்றும் சொல்லுங்கள்."

ஒரே ஒருவர் என்றால் நான் யோசிக்காமல் எடி கமாய் பெயரைச் சொல்வேன். 1927 ஆகஸ்ட் 4இல் ஹொனலூலுவில் பிறந்தவர். 2017 ஜனவரி 7இல், 89 வயதில், அதே ஊரில் காலமானார். உங்களுக்குத் தெரிந்த இஸ்ரேலுக்கும் இவருக்கும் ஓர் ஒட்டு உண்டு. இஸ்ரேலின் தாய்மாமன் மோ கேயாலே 1970 வாக்கில் எடி கமாயின் குழுவில் இருந்தவர். அதனால் உங்களை அதிக தூரம் கூட்டிக்கொண்டு போகவில்லை, பக்கத்து வாசலுக்குத்தான்.

ஒரு சின்ன விஷயம். 'யூகலேலி' என்பது அமெரிக்க நாக்குக்கு வந்த உச்சரிப்பு. ஹவாய்க்காரர்கள் 'உக்குலேலே' என்றுதான் சொல்வார்கள். 'யூ' என்று தொடங்கினால் அங்கே பெரியவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

எடி கமாய் என்ன செய்தார் என்று புரிய, அந்த வாத்தியத்தின் குணம் கொஞ்சம் தெரிய வேண்டும். 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் போர்ச்சுக்கல்லின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலு வந்து சேர்ந்தது. அதில் வந்த மூன்று தச்சர்கள் தங்கள் ஊர்ச் சின்ன கிட்டாரை 'கோவா' என்ற உள்ளூர் மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் உக்குலேலே ஆனது. அரசர் கலாகௌவாவுக்குப் பிடித்துப்போய் அரண்மனைக்குள் நுழைந்தது, ஹூலா நடனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பதினைந்து இருபது வருடத்துக்குள் ஹவாயின் சொந்தப் பிள்ளை போல ஆகிவிட்டது.

ஆனால் கொடுக்கப்பட்ட வேலை சின்னது. நாலு கம்பி. கிட்டாரில் போல மேலிருந்து கீழே சுரம் ஏறிக்கொண்டே போகாது. நாலாவது கம்பி, கனமாக இருக்க வேண்டிய இடத்தில், மெல்லியதாக, உயரமாக ஒலிக்கும். அதனால் அடித்தொனி என்று ஒன்று கிடையாது. மொத்தக் கைக்கெட்டும் தூரமும் இரண்டு ஸ்தாயிக்குக் கொஞ்சம் குறைய. பாடகருக்குப் பின்னால் நின்று சக் சக் என்று தாளம் போடத்தான் லாயக்கு என்று பெரும்பாலானோர் நினைத்தார்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்தேன். தப்பு வாத்தியத்தில் இல்லை, என் வலது கையில்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

எடியின் கைக்கு முதல் உக்குலேலே வந்த கதை ஹவாயில் எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணன் பேருந்து ஓட்டுநர். யாரோ பயணி பேருந்திலேயே மறந்துவிட்டுப் போன உக்குலேலேயை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பையன் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தான். அப்போது வயது பதினாலு பதினைந்து இருக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வானொலியில் கேட்டதை விரலால் தேட ஆரம்பித்தான். வானொலியில் வந்தது என்ன? ஜாஸ், லத்தீன் அமெரிக்க நடன இசை, மேற்கத்தியச் செவ்வியல். பையனின் காது அதற்குத்தான் பழகியது.

அப்புறம் ஷோய் இகெமி என்ற இன்னொரு இளைஞரைச் சந்தித்தார். இரண்டு பேரும் 'உக்குலேலே ராஸ்கல்ஸ்' என்ற பெயரில் மேடை ஏறினார்கள். பாட்டு கிடையாது, வேறு வாத்தியம் கிடையாது, இரண்டு உக்குலேலே மட்டும். 1940களின் கடைசியில் இது புதுசு. ரே கின்னி என்ற பிரபலப் பாடகர் தன் குழுவோடு அவர்களை அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இந்தக் காலத்தில் எடி செய்த கைவேலையைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். வழக்கமாக ஆள்காட்டி விரலால் நாலு கம்பியையும் மேலும் கீழும் வருடுவோம். நாலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தாலும் காதுக்கு ஒரே வீச்சாகத் தோன்றும். எடி வருடாமல் கிள்ளினார். ஒரு விரலுக்கு ஒரு கம்பி என்று வைத்துக்கொண்டு, நாலையும் ஒரே நொடியில். இதில் என்ன லாபம் என்றால், நாலில் ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திக் கிள்ளலாம். அந்த ஒன்று மெட்டு. மற்ற மூன்றும் அதைத் தாங்கும் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து. அடுத்த சுரத்துக்குப் போகும்போது இடது கை முழுசாகப் புது வடிவத்துக்கு மாற வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மெட்டுச் சுரத்துக்கும் அதற்கான துணைச் சுரங்கள் கூடவே வந்தாக வேண்டும். ஒரு வரிக்குப் பத்துச் சுரம் என்றால் பத்துத் தடவை கைமாற்றம். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும்.

இதை முதலில் செய்தவர் எடிதான் என்று சிலர் எழுதுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 1935இலேயே ஜெஸ்ஸி கலிமா என்ற பதின்ம வயதுப் பையன் ஓர் இராணுவ அணிவகுப்பு இசையை உக்குலேலேயில் தனியாக வாசித்துப் போட்டியில் ஜெயித்திருக்கிறார். கார்டோடு மெட்டை இழைத்து வாசிக்கும் வழியை அவர் ஏற்கனவே திறந்துவிட்டிருந்தார். எடி அதை நுணுக்கமாக்கினார், நாகரிகமாக்கினார், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். பின்னாளில் 'ஓட்டா-சான்' என்று உலகம் கொண்டாடிய ஹெர்ப் ஓட்டா, பன்னிரண்டு வயதில் எடியிடம் கற்றுக்கொண்டவர். வெறும் விரல் வித்தையை வைத்துப் பார்த்தால் சிஷ்யர் குருவைத் தாண்டிவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, அப்படியென்றால் ஏன் எடி? விரல் உச்சத்தில் இருந்தபோது அவர் திசை மாறினார் என்பதுதான் காரணம்.

இளம் வயதில் எடி கமாய் ஹவாய் இசையை வாசிக்க மறுத்தவர். அப்பா கேட்டிருக்கிறார், நம்ம பாட்டு ஒன்று வாசியேன் என்று. பையனுக்கு மனம் வரவில்லை. அது ரொம்ப எளிது, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியதாம். மூன்று கார்ட், திரும்பத் திரும்ப வரும் ஒரே மெட்டு, நாலு வரிக்கு ஒரு தடவை அதே இடம். லத்தீன் தாளத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய கைக்கு அது தூக்கம் வரவழைக்கும். பிற்காலப் பேட்டிகளில் இதை அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் காதில் விழுந்த 'ஹவாய் இசை' எது என்று பார்க்க வேண்டும். 1893இல் ராணி லிலியுஓகலானியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். 1896இல் பள்ளிக்கூடத்தில் பாடமொழி ஆங்கிலம்தான் என்று சட்டம் வந்தது. அதற்கு அடுத்த இரண்டு தலைமுறையில் பிள்ளைகள் வீட்டு மொழியை வீட்டோடு விட்டுவிட்டார்கள், சில வீடுகளில் வீட்டிலும் விட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம் வைக்கீக்கி கடற்கரை ஹோட்டல்களில் கப்பலில் வந்து இறங்கும் பயணிகளுக்காக ஆங்கில வரியில் ஹவாய் மெட்டுப் பாட்டுகள் பெருகின. அவற்றில் சில நல்ல பாட்டுகளும் உண்டு, நான் முழுசாகத் தள்ளவில்லை. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த ஒரு திறமைசாலி இளைஞனுக்கு 'இவ்வளவுதானா நம்ம இசை' என்று தோன்றினால் அதில் ஆச்சரியம் இல்லை.

திருப்பம் 1959இல். ஒவாஹு தீவின் கிழக்குக் கரையில் வைமானாலோ என்ற ஊர். அங்கே கேபி பஹினுயி வீடு. கேபியைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுதலாம். பகலில் ஹொனலூலு நகராட்சிக்காகச் சாலை வெட்டும் கூலி வேலை, மற்ற நேரம் கிட்டார். அவர் வாசித்தது 'ஸ்லாக் கீ' என்ற பாணி. கம்பிகளை வழக்கமான சுருதியிலிருந்து தளர்த்திவிட்டால், எதையும் அழுத்தாமல் சும்மா வருடினாலே ஒரு கார்ட் வரும். கட்டைவிரல் கனத்த கம்பிகளில் அடித்தொனியாக நடந்துகொண்டே இருக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பேசும். 1830களில் மாடு மேய்க்கச் சொல்லிக்கொடுக்க வந்த மெக்சிகோக்காரர்கள் விட்டுப் போன கிட்டாரிலிருந்து பிறந்த பாணி என்பார்கள். எந்தக் கம்பியை எவ்வளவு தளர்த்துவது என்பதைப் பல குடும்பங்கள் வெளியே சொல்லமாட்டார்கள்.

கேபி வீட்டில் ஆரம்பித்தால் விடிய விடிய வாசிப்பார்கள். வாரக்கடைசியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று பெயர் எடுத்த வீடு அது. அங்கே எடி கேட்டது அதே எளிய மெட்டுகளைத்தான், அதே மூன்று கார்ட்தான். ஆனால் கேபியின் கையில் அவை வேறாக ஒலித்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுரம் தள்ளி, ஒரு இடைவெளி கூட்டி, குரல் ஒரு சொல்லில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கி. எடிக்கு அங்கேதான் உறைத்தது.

இருவரும் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். ஜோ மார்ஷல் அடித்தொனிக்கு பேஸ், டேவிட் ராஜர்ஸ் ஸ்டீல் கிட்டார், அதாவது கம்பி மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிப்பது. இந்த ராஜர்ஸை எல்லோரும் 'ஃபீட்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'சன்ஸ் ஆஃப் ஹவாய்' என்று பெயர். வைக்கீக்கி ஹோட்டல் மேடையில் இல்லாமல், துறைமுகத்தை ஒட்டிய சாண்ட் ஐலண்ட் சாலையில் 'சாண்ட்பாக்ஸ்' என்ற விடுதியில் வாசிக்க ஆரம்பித்தார்கள். வந்து கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர்க்காரர்கள், அதாவது இந்தப் பாட்டுகளைத் தாத்தா பாட்டி வாயில் கேட்டவர்கள்.

அந்தக் குழுவின் ஒலியை நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படுவது எடி எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பதுதான். நாலு கம்பியிலும் எந்தக் கஷ்டமான மெட்டையும் வாசிக்கத் தெரிந்த மனிதர், இங்கே பாதி நேரம் மற்றவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறார். ஸ்டீல் கிட்டாரும் அப்படியே. ராஜர்ஸ் சுரத்தைச் செலவழிக்கவே மாட்டார், கஞ்சன். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் இருக்கும் சந்தில் இரண்டே சுரம் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஹவாய் மொழியில் 'நஹெநஹெ' என்று ஒரு சொல் உண்டு. மென்மை, இதம், கேட்கக் கேட்க உடம்பு தளர்வது, எல்லாம் சேர்ந்தது. நல்ல இசைக்கு அவர்கள் கொடுக்கும் பெரிய பாராட்டு அது.

இப்படியே இருந்திருந்தாலும் அவர் நல்ல கலைஞராகவே நினைக்கப்பட்டிருப்பார். ஆனால் பாட ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் வந்தது. பாட்டின் சொல் தெரியவில்லை. அதாவது வரி தெரியும், பொருள் தெரியாது. ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பாடுவார்கள். ஒருவர் நாலு சரணம் பாடுவார், இன்னொருவருக்கு இரண்டுதான் தெரியும். கேட்டுக் கேட்டுப் பாடியதில் சொற்கள் தேய்ந்து, பொருளே இல்லாத ஓசையாகிக் கிடந்தன. எடிக்குத் தாய்மொழி சரளமாக வராது, அந்தத் தலைமுறையில் பெரும்பாலோருக்கு வராதது போல.

அவர் போய் நின்ற இடம் ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகம். அங்கே மேரி கவேனா பூகுயி இருந்தார். 1895இல் பிறந்தவர். சாமுவேல் எல்பர்ட்டோடு சேர்ந்து 1957இல் ஹவாய் அகராதியைக் கொண்டுவந்தவர், அந்த மொழிக்கே ஒரு நடமாடும் களஞ்சியம். பழைய பாட்டுகளின் வரிகளைச் சரிபார்க்கவும், எந்தப் பாட்டு எந்த ஊரில் யாருக்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளவும் அவர் வழிகாட்டினார். பிலாஹி பாகி என்ற இன்னொரு மூதாட்டியும் எடிக்கு ஆசிரியராக இருந்தார். இது நடந்தது 1960களில். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. காத்திருக்க நேரமில்லை.

சொல் எதற்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஹவாய்ப் பாட்டில் 'கஓனா' என்று ஒன்று உண்டு, உள்ளே ஒளிந்திருக்கும் பொருள். மேலே பார்த்தால் மழை, பூ, அருவி. உள்ளே வேறு கதை. கேபி பஹினுயியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'ஹீஇலவே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீஇலவே என்பது 'பெரிய தீவு' என்று அழைக்கப்படும் ஹவாய்த் தீவின் வைபியோ பள்ளத்தாக்கில் விழும் உயரமான அருவி. பாட்டு அருவியைக் காட்டிவிட்டு, வைபியோ முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் பறவைக் கூட்டத்திலிருந்து தப்பித்தேன் என்கிறது. பறவைக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? பறவை என்பது ஊர் வாய். யாரோ இருவரின் காதல் ஊருக்குத் தெரிந்து, வம்பு பேசுகிறார்கள். அலர் தூற்றுவது என்று நாம் சொல்வதுதான். இதைத் தெரியாமல் பாடினால் சுற்றுலா விளம்பரம் போல ஒலிக்கும். தெரிந்து பாடினால், 'பறவை' என்ற சொல்லில் குரல் தானாகவே ஒரு கள்ளச் சிரிப்போடு வரும். மூன்று கார்ட் போதும் என்பதும் அப்போதுதான் புரியும். மெட்டு சிக்கலாக இருந்தால் இந்தச் சொல் கேட்காது.

எளிது என்று எடி ஒதுக்கியது இதைத்தான். அதன் கனம் சொல்லில் இருந்தது, அவர் காது அதுவரை சுரத்தை மட்டும் எடை போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வைபியோவுக்கே அவர் போனார். பள்ளத்தாக்கின் மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர், ஒரு பக்கம் கடல், கீழே டாரோ என்ற சேப்பங்கிழங்கு வயல். இறங்கும் பாதை இன்றைக்கும் வண்டி ஓட்டுபவர் வயிற்றைக் கலக்கும் சரிவு. 1946 ஏப்ரல் 1இல் ஆழிப்பேரலை உள்ளே வந்து போனதும் மக்கள் பெரும்பாலும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். அந்த மண்ணின் கவிஞர் சாம் லியா கலைனாஇனா. 1881இல் பிறந்தவர், வயலின் வாசிப்பார், பாட்டுக் கட்டுவார். 'ஹீஇலவே' பாட்டையே அவரோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. கல்யாணமோ பிறந்தநாளோ, கையில் பரிசு வாங்கப் பணம் இல்லையென்றால் என்ன, ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார். அந்த வீட்டுப் பெயர், அந்த ஊர் மழை, அந்த மனிதரின் குணம் எல்லாம் அதில் இருக்கும். எடி அவரைச் சந்தித்தபோது கிழவருக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது. 1975இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

எடி அதோடு விடவில்லை. 1988இல் சாம் லியாவைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதுதான் அவருடைய முதல் படம், அப்போது எடிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. படம் எடுக்கத் தெரியுமா என்றால் தெரியாது. மனைவி மெர்னா கூட நின்றார். தயாரிப்பு, பணம் திரட்டல், ஆள் பிடித்தல் எல்லாம் அவர். அந்தப் பெண் இல்லையென்றால் இந்தப் படங்களில் ஒன்றுகூட வெளியே வந்திருக்காது என்பது என் எண்ணம். இருவரும் சேர்ந்து அதற்கப்புறம் இருபது வருடத்தில் வரிசையாகப் படங்கள் எடுத்தார்கள். காட்டைப் பற்றி ஒன்று, ஸ்லாக் கீ பற்றி ஒன்று, பாட்டு கட்டியவர்களையும் அவர்கள் ஊர்களையும் பற்றி ஒன்று, மேரி கவேனா பூகுயி உட்பட மூன்று பெண்களைப் பற்றி ஒன்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1997இல் வந்த லூதர் மகேகௌ பற்றிய படம். லூதர் ஒரு பழைய கால மனிதர். பாடுவார், ஓதுவார், சண்டை போடுவார், மாடு திருடியவர் என்றும் பெயர். அவரைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசுகிறார்கள். ஒருவர் மகான் என்பார், அடுத்தவர் போக்கிரி என்பார். எடி எதையும் வெட்டவில்லை. பெரியவர்களைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் பொதுவாகப் பூச்சு பூசிவிடுவார்கள். இவர் பூசாமல் விட்டார்.

படத்துக்குத் தாவிவிட்டேன், நடுவில் 1970கள் விட்டுப்போயிற்று. அதுதான் ஹவாயின் மறுமலர்ச்சிக் காலம். 1976இல் 'ஹோகுலேயா' என்ற இரட்டைத் தோணி, கருவி ஏதும் இல்லாமல் நட்சத்திரத்தை வைத்தே தாஹிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. 1978இல் ஹவாய் மொழி மாநில ஆட்சி மொழியானது. இதற்கெல்லாம் முன்பே, 1971இல், சன்ஸ் ஆஃப் ஹவாய் ஒரு ஆல்பம் போட்டார்கள். கேபி, எடி, ஜோ, ஃபீட், கூட மோ கேயாலே. அதைக் கேட்டுத்தான் எங்களுக்கே எங்கள் இசை மேல் மரியாதை வந்தது என்று சொல்லும் ஹவாய்க்காரர்கள் நிறையப் பேர். ஒரு ஆல்பம் மொழியைக் காப்பாற்றிவிடாது. ஆனால் மொழி வகுப்புக்குப் போகலாமா என்று ஒரு பிள்ளையை யோசிக்கவைக்கும்.

'ஏ கூஉ மார்னிங் டியூ' பாட்டும் இந்தக் காலத்தில் வந்தது. மெட்டு எடி, வரிகள் லாரி கிமுரா. கிமுரா மொழியாசிரியர், பின்னாளில் ஹவாய் மொழி மீட்புக்கே தாத்தா என்று கூப்பிடப்பட்டவர். 'என் காலைப் பனியே, கொஞ்சம் பொறு, போய்விடாதே, எனக்காகக் காத்திரு' என்பதுதான் பாட்டின் சாரம். வெயில் வந்தால் பனி போய்விடும், அதைப் போய் இரு இரு என்று கெஞ்சுவது. முழுப் பாட்டும் ஹவாய் மொழியில் இருக்க, அந்த 'மார்னிங் டியூ' மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கும். மொழித் தூய்மை பார்க்கும் சிலருக்கு இது உறுத்தலாம். எனக்கு உறுத்தியதில்லை. செல்லப்பெயர் எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

கேபி குழுவை விட்டுப் போன பிறகு எடி ஓர் இருபது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். டென்னிஸ் கமகாஹி. இவர் பழைய பாட்டைப் பாடியதோடு நிற்காமல் ஹவாய் மொழியில் புதுப் பாட்டுகளை எழுதித் தள்ளினார். 'வஹீனே இலிகேயா' இன்றைக்குக் கல்யாண வீட்டில், கடற்கரையில், எங்கேயும் பாடப்படுகிறது, பலர் அது நூறு வருடப் பழசு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூத்தவர்களிடம் வாங்கியதை எடி இந்தப் பையனிடம் கொடுத்த விதத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். தன்னைப் போலப் பழசைத் தேடு என்று சொல்லி அவரைக் கட்டிப்போடவில்லை. எழுத வந்தவரை எழுத விட்டார்.

'பாரம்பரியம்' என்ற சொல்லை வைத்து ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எடி பழைய பாட்டுகளை அப்படியே பாடவில்லை. முன்னிசை, இடையிசை, முடிப்பு எல்லாம் வகுத்து ஒழுங்குபடுத்தினார். லத்தீன் இசையில் பழகிய காது அதில் தெரியும். கேபி வீட்டுத் திண்ணையில் ஒலித்த மாதிரி அது இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி ஒப்புக்கொள்கிறேன். கேபி தனியாகப் பதிவு செய்தவற்றில் இருக்கும் கட்டற்ற தன்மை இதில் இல்லைதான். ஆனால் அந்த ஒழுங்கு இருந்ததால்தான் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது, கேட்டு எழுதிக் கற்றுக்கொள்ள முடிகிறது. அரசு விருதுகள் வந்தன, 2007இல் அமெரிக்காவின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் நிதிநல்கையும் வந்தது. அவையெல்லாம் இந்த விவாதத்தை முடித்துவைக்கவில்லை, முடிக்கவும் வேண்டாம்.

அதே 2007இல் வந்தது லாஹைனா பற்றிய அவரது படம். மௌயி தீவில் உள்ள அந்தக் கடலோர ஊரில்தான் அவர் சிறுவயதுக் கோடை விடுமுறைகளைப் பாட்டியோடு கழித்தார். கரும்பு ஆலை மூடி, சுற்றுலா பெருகி, ஊர் மாறிப்போனதைப் பார்க்கத் திரும்பிப் போகிறார். படம் வந்தபோது அது ஏக்கமாகத் தோன்றியது, கொஞ்சம் கூடுதல் ஏக்கம் என்றுகூட நினைத்தேன். 2023 ஆகஸ்ட் 8இல் லாஹைனா எரிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பழைய ஊர் ஒரே நாளில் சாம்பலானது. எடி அதைப் பார்க்க இல்லை. இப்போது அந்தப் படத்தைப் போட்டால், முன்பு கவனிக்காமல் விட்ட தெருமுனைகளில்தான் கண் போய் நிற்கிறது.

எங்கிருந்து கேட்பது என்று கேட்டீர்கள். முதலில் அவர் தனியாக வாசித்த 'ஹார்ட் ஆஃப் தி உக்குலேலே'. இதில் விரல் என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் 1971 ஆல்பம். முதல் தடவை கேட்கும்போது உக்குலேலே எங்கே என்று தேடுவீர்கள், ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஹெட்ஃபோன் போட்டு, ஒலியைக் குறைத்து, இன்னொரு தடவை கேளுங்கள். குரலுக்குக் கீழே, ஒரு அங்குலம் தள்ளி, அது இருந்துகொண்டே இருக்கும். 'ஹீஇலவே' கேட்கும்போது பறவை வரியை விட்டுவிடாதீர்கள், ஹவாய் மொழியில் 'மனு' என்று காதில் விழும்.

உங்களிடம் உக்குலேலே இருந்தால் இன்னொன்று. தெரிந்த ஒரு எளிய பாட்டை எடுத்து, வருடுவதை நிறுத்திவிட்டு, கட்டைவிரல் தொடங்கி நாலு விரலையும் நாலு கம்பியில் வைத்து ஒன்றாகக் கிள்ளிப் பாருங்கள். மோதிர விரல் இருக்கும் கீழ்க்கம்பி மட்டும் மற்ற மூன்றைவிடச் சற்று ஓங்கி ஒலிக்க வேண்டும். முதல் வாரம் நாலும் ஒரே சத்தமாகத்தான் வரும். எனக்கு அந்த ஒரு விரல் தனியாகப் பேச மூன்று மாதம் பிடித்தது.